பேபிக்குக் காட்டன்தான் பிடிக்கும்

"போர்டு எனக்கும் தெரியுதுண்ணா. நீ வெரல நீட்டி நீட்டிக் காட்ட வேணாம். பத்தாவது வரைக்கும் படிச்சவ நானு. 'பில் இல்லாமல் மாற்றித் தரப்பட மாட்டாது.' படிச்சிட்டேனா? சரி. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. ஒர்த்தங்க வூட்டுக்குள்ள கூப்ட்டு, தட்டுல வெத்தல பாக்கு பழம்லாம் வெச்சி, ஆசையா தீபாவளிப் பொடவ குடுக்கறாங்க. அத்த வாங்கிக் கண்ல ஒத்திக்கினு, 'அப்டியே அந்த பில்லயும் குடுத்துடும்மா, நாளைக்கே போயி மாத்திக்கறேன்'னு கேக்க முடியுமா? நம்ம மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? சொல்லுண்ணா... சொல்ல மாட்டியே. கம்முனு நிக்கறியே தூணு கணக்கா!"

அப்பாதுரை சொல்லவில்லை. மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையிலிருந்த அந்த மூன்று மாடி ஜவுளிக்கடையில் அவர் இருபத்தாறு வருஷமாகப் புடவை விரித்து மடித்துக்கொண்டிருக்கிறவர். வாங்க வருகிறவர்களிடம் அவர் வாய் ஓயாது. மாற்ற வருகிறவர்களிடம் மட்டும் திறக்காது. அது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட வழி. ஒரு வார்த்தை பதில் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு பத்து வார்த்தை வரும். ஒன்றுமே சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், எப்பேர்ப்பட்டவர்களும் கால் மணி நேரத்தில் ஓய்ந்துபோய்ப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தீபாவளி முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையிலிருந்து ஏழு பேரை அப்படிப் பேசாமலே அனுப்பியிருந்தார்.

எட்டாவதாக வந்தவள் பேபி. ஒல்லி உடம்பு, நாற்பத்தெட்டு வயது, கையில் ஒரு கட்டைப்பை. வீடு மப்பேட்டில். வேலை செய்கிற இடத்திலிருந்தே பஸ் பிடித்துக் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் கணுக்கால் தண்ணீரில் நடந்து இந்தப் பக்கம் வந்திருந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே காலனியில் நாலு வீட்டில் அவளுக்கு வேலை. மதியம் ரெண்டு மணிக்கு வேலை முடிந்தது, சாப்பிடாமல்கூட வந்துவிட்டாள். வந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதே, இது கால் மணி நேரத்தில் முடியாது என்று அப்பாதுரைக்கு லேசாகத் தோன்றியது.

"இந்தா பாரு, ரெண்டும் உங்க கட பொடவதான். ஸ்டிக்கர் ஒட்டுனது ஒட்டுன மாதிரி கீது. மடிப்புகூட கலைக்கல. மஞ்சள்ல கட்டம் போட்டது, இது அபிதாம்மா குடுத்தது. அபிதகுஜாம்பாள்னு பேரு. வாய்ல நொழையாது, அதான் அபிதாம்மா. பேங்க்ல இருந்து ரிட்டேர் ஆனவங்க. இந்தப் பச்ச, பத்ரி சாரு குடுத்தது. பத்ரிநாராயணன்னு, பாவம், தனியாக் கீறாரு மனுசன். அவருக்குப் பொடவ இன்னா தெரியும்? அபிதாம்மாவக் கேட்டுதான் வாங்கியிருப்பாரு. அதுவும் காட்டனு. மூணாவது வூடு ஸ்ம்ருதி. சின்னப் பொண்ணு, சிறுசேரில கம்ப்யூட்டர் கம்பெனி. அது குடுத்துச்சி பாரு ஒண்ணு... உங்க கட இல்ல, போன்லயே வாங்குனது. மண்ணு கலரு. இன்னாம்மா இது, தொவைக்காம குடுத்துட்டியான்னு கேக்க வாய் வந்துட்ச்சி. அது சொல்லுது, 'அக்கா, இது மாதுளம்பழத் தோல்ல சாயம் ஏத்துனது, கெமிக்கலே கெடையாது'ன்னு. பழத்த எவனோ துன்னுட்டான், தோல எனக்குக் கட்டி வுட்டுட்டாங்க! நாலாவது வூடும் காட்டனு. நாலு வூடு, நாலு காட்டனு. போன வருசமும் நாலு. அதுக்கு மொத வருசமும் நாலு. என் பீரோவ தொறந்தா கைத்தறி எக்ஸிபிசன் கணக்கா கீதுண்ணா!"

அப்பாதுரை பார்வையைத் திருப்பி எதிர் அலமாரியைப் பார்த்தார். சிரிப்பு வந்தால் காரியம் கெட்டுவிடும்.

"நீ நெனைக்கற, இவளுக்குக் கொழுப்புன்னு. ஓசியா வந்ததுக்குக் கொற சொல்றாளேன்னு. அப்டி இல்லண்ணா. இப்ப வெளிய எட்டிப் பாரு. மழ நிக்குதா? ஐப்பசில ஆரம்பிச்சா மார்கழி வரைக்கும் இதே ரோதன. எங்க வூடு ஒரு ரூமு. ஒரு கொடி. குறுக்கால கட்டியிருக்கோம். காட்டன் பொடவய தொவச்சி அதுல போட்டா இன்னைக்குக் காயாது, நாளைக்குக் காயாது, மூணாம் நாளு ஒரு வாடை வரும் பாரு, சாமி! கொடிக்குக் கீழதான் என் வூட்டுக்காரரு கட்டிலு. சவுரிமுத்துன்னு பேரு. பகல் தூக்கம் தூங்குவாரு மனுசன், வாட்ச்மேன் வேல. ஈரப் பொடவ சரசரன்னு எறங்கி மூஞ்சி மேல வுழுந்து, பதறியடிச்சிகினு எழுந்து, 'யார்றா அது'ன்னு பொடவயோட சண்ட! சிரிக்காத... நீ சிரிக்கல, சரி. நான்தான் சிரிச்சேன்.

"அதே ஒரு பூனம் பொடவ வெச்சிக்கோ. சிந்தடிக். தண்ணில ஒரு அலசு. ஒரு ஒதறு. கதவு மேல போட்டுட்டு நான் காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள காஞ்சி கீது. மடிக்கக்கூட வேணாம், சுருட்டி வெச்சி எடுத்தாலும் நேத்து வாங்குன மாதிரி இருக்கும். எனக்குத் தேவ அதானே? நான் இன்னா மேடைலயா ஏறப் போறேன்?

"காட்டனுக்குக் கஞ்சி போடணும். போடலன்னு வெச்சிக்கோ, பஸ் ஏறி எறங்குறதுக்குள்ள நசுங்கி, சாணித் துணி மாதிரி ஆய்டும். அபிதாம்மா பாத்துட்டு, 'என்ன பேபி, நல்ல பொடவைய இப்படி வெச்சிருக்கே, கஞ்சி போட மாட்டியோ'ன்னு கேப்பாங்க. சரின்னு ஒரு வாட்டி நல்லா கெட்டியா ஜவ்வரிசிக் கஞ்சி போட்டேன். வெளிய வேலி மேல காயப்போட்டுட்டு உள்ள போறேன், திரும்பி வந்து பாத்தா பக்கத்து வூட்டு கிளியம்மா ஆடு, முந்தானைல முக்கா மொழம் துன்னுட்டு அசபோட்டுகினு நிக்குது! ஜவ்வரிசின்னா அதுக்குப் பாயசம் கணக்கா ஆய்ப்போச்சி. கிளியம்மாவக் கேட்டா, 'நீ ஏன் பொடவைக்குச் சோறு போடற'ன்றா. நியாயந்தானே? நான் இன்னா பதில் சொல்றது?

"அப்பால இன்னொண்ணு. இத்த யார் கிட்டயும் சொன்னதில்ல. நீ பேசாத ஆளு, அதனால சொல்றேன். அந்தக் கஞ்சி போட்ட பொடவ கட்டிகினு போன மாசம் பஸ் ஏறுனேன். கொசுவம் உள்ள அடங்கவே மாட்டேங்குது. முன்னால பொம்முன்னு உப்பிகினு நிக்குது. நான் ஒரு கையால அமுக்கிகினு, ஒரு கையால கம்பியப் புடிச்சிகினு நிக்கறேன். ஒரு காலேஜ் பொண்ணு டக்குனு எழுந்து, 'ஒக்காருங்கக்கா, எத்தனாவது மாசம்'னு கேக்குது! எங்க பையன் அன்புக்குப் பொண்ணு பாத்துகினு கீறோம்ணா! எனக்கு நாப்பத்தெட்டு வயசு! பஸ்ஸே திரும்பிப் பாக்குது. இல்லம்மா, இது கஞ்சின்னு சொல்ல முடியுமா? கம்முனு ஒக்காந்துகினேன். ஒக்காந்தப்பறம் அந்தக் கண்டக்டரு வேற, பள்ளம் வர்றப்பல்லாம் டிரைவரப் பாத்து, 'மெதுவா போப்பா'ன்னு..."

அப்பாதுரை சட்டென்று குனிந்து கவுண்டருக்கு அடியில் எதையோ தேடினார். அங்கே தேடுவதற்கு எதுவும் இல்லை. தோள் குலுங்கி நின்றபிறகுதான் நிமிர்ந்தார். மணி பார்த்தார். அரை மணி ஆகியிருந்தது. இவ்வளவு நேரம் எவரும் தாக்குப் பிடித்ததில்லை.

நிமிர்ந்த வேகத்தில் முதுகு அரித்தது. கடையில் கொடுத்த சீருடைச் சட்டை. பார்க்க மடிப்புக் கலையாமல் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு காற்றுப் போகாது. ஏஸி வேலை செய்கிற நாளில் பரவாயில்லை. இன்று செய்யவில்லை. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை வேர்க்குரு. அவர் மெதுவாகப் பின்னால் போய் ரேக்கின் ஓரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டார்.

"பாத்தியா? உனக்கு அரிக்குது. அது பாலியஸ்டரு. அபிதாம்மா இருந்தா இப்போ உனக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்திருப்பாங்க. 'இது துணியே இல்ல, பிளாஸ்டிக். தோல் மூச்சு வுடாது. தொவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நூலு பிரிஞ்சி கடலுக்குப் போறது, மீன் திங்கறது, அந்த மீன நீ திங்கறே'ன்னு. எங்க நாத்தனா கங்கையம்மா கோவளத்துல மீன் விக்கறவ. அவ கிட்ட கேட்டேன். 'உன் பொடவ நூலு எதுவும் இதுவரைக்கும் வரல, வந்தா சொல்லியனுப்பறேன்'னுட்டா. அபிதாம்மா சொல்றது பொய்யின்னு நான் சொல்லல. படிச்சவங்க, தெரிஞ்சிதான் சொல்வாங்க. உண்மையாத்தான் இருக்கும்.

"ஆனா ஒண்ணுண்ணா. 'காட்டன் கட்டுனா வேர்க்காது பேபி'ன்றாங்களே, அங்கதான் எனக்கு ஒதைக்குது. ஃபேனுக்கு கீழ ஒக்காந்துகினு கீறவங்களுக்கு வேர்க்காது. நான் நாலு வூடு பெருக்கித் தொடைக்கறவ. என்னப் பட்டுல சுத்துனாலும் வேர்க்கும், ஓலைல சுத்துனாலும் வேர்க்கும். வேர்க்கறது பொடவயால இல்ல, வேலயால! காட்டன் அத்தனை வேர்வையும் குடிச்சிட்டு, கூடவே பக்கெட் தண்ணியயும் குடிச்சிட்டு, மத்தியானத்துக்குள்ள கருங்கல்லு கணக்கா கனக்குது. நாலாவது வூடு போறதுக்குள்ள என்னத் தூக்கறேனா, பொடவயத் தூக்கறேனான்னு தெரியல.

"அடுப்பாண்ட போனா காட்டன்தான் நல்லது, அத்த நான் ஒத்துக்கறேன். கிளியம்மாவுக்கு ஒரு வாட்டி முந்தான பத்திகினு, சிந்தடிக்கு, உருகி அப்டியே கைல ஒட்டிகிச்சி. தழும்பு இன்னும் கீது. அன்னிலிருந்து வூட்ல சமைக்கறப்போ நான் பழைய காட்டன்தான் கட்டறேன். நான் ஒண்ணும் கண்ண மூடிகினு பேசறவ இல்ல. எதெதுக்கு எது வேணுமோ அது வேணும். அதானே ஞாயம்? எனக்கு மழைல கட்ட ரெண்டு, சர்ச்சுக்குக் கட்ட ஒண்ணு... கேக்கறது தப்பா? இவங்க பாரு, பண்ணண்டு வருசமா..."

அவள் பேச்சு முதல் தடவையாக நின்றது. கண் அப்பாதுரையின் தோளைத் தாண்டிப் போயிருந்தது. பின்னால் மூன்றாவது தட்டில் ஒரு பூனம் புடவை. மயில் கழுத்து நீலம், அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூ.

"அது... அத்தக் கொஞ்சம் எடேன்."

எடுக்கக் கூடாது என்றுதான் அப்பாதுரை நினைத்தார். ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம். 'எடு' என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாக மேலே போனது. உதறிய உதறலில் புடவை கவுண்டர் முழுக்க வழிந்து விரிந்தது. பேபி தொடவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்புறம் புறங்கையால் மட்டும் தடவிப் பார்த்தாள்.

"இதே மாதிரிதாண்ணா," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இதே நீலம்தான். பூ மட்டும் கொஞ்சம் சின்னது. பண்ணண்டு வருசம் முன்ன, அபிதாம்மா வூட்ல சேந்த மொத தீபாவளி. சோபா மேல ரெண்டு பொடவய வெச்சிகினு, 'ஒனக்கு எது வேணும், நீயே எடுத்துக்கோ'ன்னாங்க. யாரும் என்கிட்ட அப்டிக் கேட்டதில்ல. குடுக்கறத வாங்கிக்குவேன். இவங்க எடுத்துக்கோன்றாங்க. ஒண்ணு இந்த நீலம். இன்னொண்ணு காட்டன், ஓரத்துல ஒரு சேப்புக் கோடு, வேற ஒண்ணும் கெடையாது, சப்புனு. என் கை நீலத்துக்குத்தான் போச்சி. சத்தியமா சொல்றேன், போயிட்ச்சி. பாதில அவங்க மூஞ்சியப் பாத்தேன். அவங்க கண்ணு அந்தக் காட்டன் மேல கீது. அவங்களும் காட்டன்தான் கட்டியிருக்காங்க. நான் கைய அப்டியே திருப்பி..."

அவள் காற்றில் கையை நீட்டி, பாதியில் மடக்கித் திருப்பிக் காட்டினாள்.

"'இதாம்மா எனக்குப் புடிச்சிருக்கு'ன்னு சொல்லிட்டேன். அதோட வுட்டனா? 'சிந்தடிக்லாம் எனக்கு ஆவாதும்மா, ஒடம்பு ஏத்துக்காது'ன்னு வேற சொல்லிட்டேன். அந்த அம்மா மூஞ்சி அப்டியே மலந்து போச்சி. 'பேபி, உனக்கு நல்ல டேஸ்ட்'னாங்க. பக்கத்து வூட்டம்மாவ அங்கிருந்தே கூப்ட்டு, 'பாருங்கோ, ரெண்டையும் வெச்சேன், இவ எத எடுத்தா பாருங்கோ'ன்னு காட்டுனாங்க. அண்ணா, எனக்கு வேகம் கீதுன்னு சொல்லியிருக்காங்க. கை சுத்தம்னு சொல்லியிருக்காங்க. டேஸ்ட் கீதுன்னு அதுவரைக்கும் ஒர்த்தரும் சொன்னதில்ல. சவுரிமுத்து இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. அன்னைக்கு வூட்டுக்கு நடந்தே போனேன் நான். பஸ் ஏறத் தோணல.

"அப்பால காலனி லேடீஸ் வாட்ஸப்புல போட்டுட்டாங்க. 'பேபிக்குக் காட்டன்தான் பிடிக்கும்.' புதுசா யார் குடி வந்தாலும் மொதல்ல அத்தத்தான் சொல்றாங்க. ஸ்ம்ருதி வந்த ஒரு வாரத்துல சொல்லுது, 'அக்கா, நீங்க செம டேஸ்ட்னு கேள்விப்பட்டேன்'னு. இன்னா பண்ணுவேன் சொல்லு? இவங்க ஒர்த்தரும் எனக்குக் கெடுதல் பண்ணல. எல்லாம் இந்த வாயி. பண்ணண்டு வருசமா மழைல நனஞ்ச பொடவய இழுத்துகினு திரியறேனே, அது யாராலயும் இல்ல, என் வாயால! உண்மயச் சொல்லிடலாம், ஒரு நிமிசம் ஆவும். சொன்னா டேஸ்ட் போயிடுமே, அண்ணா?"

அப்பாதுரை அவள் முகத்தைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டிருந்தது எப்போது அவிழ்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் மஞ்சளையும் பச்சையையும் எடுத்துக்கொண்டு, மாடிக் கோடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சூப்பர்வைசர் ஜெயகிருஷ்ணனிடம் போனார். நம் கடை ஸ்டிக்கர்தான், மடிப்புப் பிரிக்கவில்லை, தெரிந்தவர்கள் என்றார். தெரிந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. ஜெயகிருஷ்ணன் ஸ்டிக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தடவை" என்று தலையாட்டினார்.

அவர் திரும்பி வந்து, பச்சைக்கு மேலே மஞ்சளைக் கவுண்டரில் வைத்துத் தலையை ஆட்டிக் காட்டியதும் பேபிக்குத் தலைகால் புரியவில்லை. புடவைக்கு மேலேயே நீலத்தைப் போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு பேச்சும் இல்லை. மாடியே நிசப்தமாகிப் போனது.

"பேபி! நீ எங்க இங்க?"

படியேறி வந்த களைப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். மொடமொடவென்று பழுப்பு நிறக் காட்டன் புடவை, நெற்றியில் சின்னக் குங்குமம். யார் என்று அப்பாதுரைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அபிதாம்மா!" பேபி கண்ணாடியிலிருந்து திரும்பினாள். மேலே நீலம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ப்ளவுஸுக்கு லைனிங் வாங்க வந்தேன். என்ன இது, இதப்போய் மேல போட்டுண்டு நிக்கறே? ராமா! இந்தக் கட்டம் போட்டது நான் குடுத்ததாச்சே? இது எப்படி இங்க?"

பேபிக்கு மூச்சு ஒரு தரம்தான் தடைப்பட்டது. அடுத்த மூச்சில் வெள்ளம் திரும்ப வந்துவிட்டது.

"அத்த ஏன் கேக்கறீங்கம்மா! எங்க நாத்தனா கங்கையம்மா, உங்க பொடவயப் பாத்துட்டு, 'எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்'னு ஒரே அடம். சரி, காட்டி வாங்கலாம்னு எடுத்துகினு வந்தேன். வந்தா இந்த அண்ணன், காட்டன் வேணாம், இத்தப் பாரு, அத்தப் பாருன்னு இந்த பிளாஸ்டிக்க என் தோள் மேலயே தூக்கிப் போட்டுட்டாரு! நான் சொல்லிகினே கீறேன், இது தோலுக்கு ஆவாது, கடலுக்கு ஆவாது, மீனுக்கு ஆவாதுன்னு. கேட்டாத்தானே? நான் இவ்ளோ நேரமா இன்னா பேசிகினு கீறேன்னு அவரையே கேளுங்க!"

அபிதகுஜாம்பாள் அப்பாதுரையைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக்கு உள்ளே அந்தப் பார்வை பேங்க் கவுண்டரில் முப்பது வருஷம் கையெழுத்துச் சரிபார்த்த பார்வை. அவளுக்குப் பின்னால் பேபி நீலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசையாமல் அவள் முகம் கெஞ்சியது.

மாற்ற வந்தவர்களிடம் வாய் திறப்பதில்லை என்ற வழக்கத்தை அப்பாதுரை அன்று விட்டார்.

"ஆமாம்மா," என்றார். "முக்கா மணி நேரமா காட்டனப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க. வேற ஒரு பேச்சும் இல்ல."

அபிதகுஜாம்பாளின் முகம் மலர்ந்தது. "பாத்தேளா?" என்று அவரிடமே திரும்பினாள். "இவளுக்கு இருக்கற டேஸ்ட் என் மாட்டுப்பொண்ணுக்குக் கெடையாது. இந்த வேலையெல்லாம் இவகிட்ட நடக்காது. அந்த நீலத்த எடுத்து உள்ள வையுங்கோ. இதே கட்டத்துல இன்னொண்ணு குடுங்கோ, அவ நாத்தனாருக்கு நானே வாங்கித் தரேன்."

"ஐயோ, வேணாம்மா..."

"நீ சும்மா இரு. நல்லதுன்னு கேட்டிருக்கா, ஊக்குவிக்க வேண்டாமா?"

அப்பாதுரை மஞ்சள் கட்டத்தில் இன்னொன்றைத் தேடி எடுத்தார். ஜெயகிருஷ்ணன் தூரத்திலிருந்து கையை விரித்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ரெண்டு காட்டனோடு வந்த பேபி, மூன்று காட்டனோடு இறங்கினாள். ரெண்டு படி இறங்கியதும் அவள் குரல் கேட்டது. "பாத்து எறங்குங்கம்மா, ஈரம். இந்தப் படிய எவன் தொடச்சான், இதுவா தொடைக்கற லச்சணம், நான் தொடைச்சேன்னு வெச்சிக்கோங்க..." குரல் கீழ்த்தளம்வரை போய், தெரு இரைச்சலில் கரைந்தது.

அப்பாதுரை நீலத்தை மடித்தார். மூன்றாவது தட்டில் வைக்கப் போனவர், வைக்காமல் அதைக் கவுண்டருக்கு அடியில் செருகினார்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. மதியம் ரெண்டரைக்கு மாடியில் ஈ காக்கை இல்லை. குடையை உதறிவிட்டு பேபி ஏறி வந்தாள். முழங்கால்வரை நனைந்த காட்டன் புடவை தண்ணீரைக் குடித்துத் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. கையில் அதே மாதிரி கட்டைப்பை. ஸ்டூலுக்குக் கையை நீட்டி அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பாதுரை முந்திக்கொண்டார்.

"குடுங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன். நீலம் எடுத்து வெச்சிருக்கேன். மழைக்குக் கட்ட இன்னும் ரெண்டு எடுத்துக்கலாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடலாம்."

பேபி பையைக் கொடுத்தாள். நீலத்தைப் பார்த்ததும் முகம் விரிந்தது. "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக் கட்டுவேண்ணா. அபிதாம்மா அங்க வரப் போறதில்ல. அவங்க வூட்டுக்கு மட்டும் காட்டன்ல போயிக்கறேன். டேஸ்ட்டும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். இன்னா சொல்ற?"

"அதுதான் சரி."

மாற்றிக் கொடுத்தது நிஜமாகவே அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பேபி புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. வெளியே மழையைப் பார்த்தாள், காலி மாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏதோ ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல இருந்தது அவள் முகம்.

"அவ்ளோதானா?" என்றாள்.

அப்பாதுரை கவுண்டருக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"அப்டி வா," என்று பேபி ஸ்டூலை முன்னால் நகர்த்திக்கொண்டாள். "இந்த மழைக்கோட்டுன்னு ஒண்ண எங்க அன்பு வாங்கியாந்தாண்ணா. எவன்தான் அத்தக் கண்டுபுடிச்சானோ. வெளிய நனையாது, சரி, உள்ள இன்னா நடக்குதுன்னு எவனாச்சும் ரோசன பண்ணானா? நீயே சொல்லு..."